கப்பலேறிய பூட்டனைத் தேடுவது எப்படி? டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது யார் என்று கேளுங்கள்!

மெல்பர்னிலோ பெர்த்திலோ படிக்கப் போன நண்பர்கள் உங்களுக்கு இருக்கலாம். அங்கே வகுப்பில் பக்கத்தில் உட்காருபவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "எங்க குடும்பம் இங்கிலாந்திலிருந்து வந்தது" என்பார். எந்த ஊர்? எந்த வருஷம்? "ஏதோ கப்பல்ல வந்தாங்களாம்." பெரும்பாலும் அத்துடன் கதை நின்றுவிடும்.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து லட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா எனப் பல திசைகளில் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சாதாரண மக்கள். கூலி விவசாயிகள், வீட்டு வேலைக்காரப் பெண்கள், கைத்தொழில் செய்தவர்கள். யாரும் அவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதவில்லை.

அப்படியும் அவர்களில் பலரை இன்று கண்டுபிடிக்க முடிகிறது. பிறந்த ஊர், பெற்றோர் பெயர், செய்த வேலை, வந்திறங்கிய தேதி எல்லாம் கிடைக்கிறது. எப்படி?

ஏழை மனிதரைப் பற்றி அந்தக் காலத்தில் யாரும் ஆசைப்பட்டு எழுதி வைக்கவில்லை. ஆனால் அவருக்காக யாராவது பணம் செலவழித்தால், அதற்குக் கணக்கு காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கணக்குப் புத்தகங்கள்தான் இன்று குடும்ப வரலாறாக மாறியிருக்கின்றன.

ஆகவே, கப்பலேறிய பூட்டனையோ ஓட்டனையோ தேடும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான்: அவருடைய டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது யார்?

விடை தெரிந்த கணக்கு ஒன்று

முறையைப் புரிந்துகொள்ள, விடை ஏற்கெனவே தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் ஹென்றி பார்க்ஸ்.

1815ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் வாரிக்‌ஷர் வட்டாரத்தில் பிறந்தவர். அப்பா குத்தகை விவசாயி. கடன் தொல்லையால் குடும்பம் நிலத்தை விட்டு வெளியேறியது. கடைசியில் பர்மிங்காம் நகருக்கு வந்து சேர்ந்தது. ஹென்றி சிறுவயதிலேயே கூலி வேலைக்குப் போனார். பிறகு தந்தம், எலும்பு ஆகியவற்றைக் கடைந்து பொருள் செய்யும் கடைசல் வேலை பழகினார்.

1836இல் கிளாரிண்டா வார்னி என்ற பெண்ணை மணந்தார். சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அது ஓடவில்லை. முதல் 2 குழந்தைகளும் கைக்குழந்தையாகவே இறந்துவிட்டன. 1839இல் கணவனும் மனைவியும் 'ஸ்ட்ராத்ஃபீல்ட்சே' என்ற கப்பலில் ஏறினார்கள். ஏறக்குறைய 4 மாதப் பயணம். ஜூலை 25ஆம் தேதி சிட்னியில் இறங்கினார்கள். அதற்கு 2 நாளுக்கு முன்னர் கடலிலேயே அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது.

இந்த மனிதர் பிறகு பத்திரிகை நடத்தினார், அரசியலில் இறங்கினார், நியூ சௌத் வேல்ஸின் முதல்வர் பொறுப்பை 5 முறை வகித்தார். ஆஸ்திரேலியக் காலனிகள் ஒரே நாடாக இணைய வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் முதன்மையானவர். அதனால் அவர் வாழ்க்கை நமக்கு விவரமாகத் தெரியும்.

இப்போது ஒரு கற்பனை. அவர் புகழ் பெறவே இல்லை, சிட்னியில் ஒரு சின்னக் கடையில் தந்தம் கடைந்தபடியே இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பேரப்பிள்ளையின் பேத்தி இன்று அவரைத் தேடுகிறார். எவ்வளவு தூரம் போக முடியும்?

எங்கே ஆரம்பிக்கணும்? கடைசியிலிருந்து!

பிறப்பிலிருந்து தேடத் தொடங்குவதுதான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் அனுபவசாலிகள் இறப்பிலிருந்து தொடங்கச் சொல்வார்கள்.

காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் இறப்புச் சான்றிதழில் அந்தக் காலத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. பெயர், வயது, தொழில், எதனால் இறந்தார் என்பதோடு சரி. பெரியவர் ஒருவர் இறந்தால் அவருடைய அப்பா, அம்மா பெயர் அதில் இராது.

ஆனால் ஆஸ்திரேலியக் காலனிகள் சிலவற்றில் நிலைமை வேறு. விக்டோரியாவில் 1853இலும் நியூ சௌத் வேல்ஸில் 1856இலும் அரசாங்கப் பதிவு தொடங்கியது. அங்கே இறப்புப் பதிவில் நிறையக் கேள்வி கேட்டார்கள். பெற்றோர் பெயர், அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், பிறந்த இடம், எங்கே யாரை மணந்தார், பிள்ளைகள் யார் யார், காலனிக்கு வந்து எத்தனை ஆண்டு ஆகிறது என்பது வரை பதிவாயிற்று.

இந்தக் கடைசிக் கேள்வி தங்கம் மாதிரி. 1896இல் இறந்த ஒருவரின் சான்றிதழில் 'காலனியில் 56 ஆண்டு' என்று இருந்தால், கழித்துப் பாருங்கள். 1839 அல்லது 1840இல் வந்திருக்க வேண்டும். எந்த ஆண்டின் கப்பல்களைப் பார்ப்பது என்று உடனே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: இறந்தவர் தம் சான்றிதழைத் தாமே நிரப்புவதில்லை. மகனோ மருமகளோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னதுதான் அதில் இருக்கும். துக்க வீட்டில், பார்க்காத ஊரின் பெயரைச் சொல்லும்போது தப்பு வரத்தான் செய்யும். அதனால் அதை விடையாக எடுத்துக்கொள்ளாமல் துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் பட்டியல்: எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை

இங்கிலாந்திலிருந்து புறப்பட்டவர்களின் பட்டியல் லண்டனில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் அப்படியொரு தொகுப்பு இருக்கிறது. ஆனால் அது 1890இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன் கப்பலேறியவர்களைத் தேட, அவர்கள் போய் இறங்கிய நாட்டுக்குத்தான் போக வேண்டும்.

அங்கேதான் நம் கேள்வி வேலை செய்கிறது. பணம் கட்டியது யார்?

சொந்தப் பணத்தில் போனவர்: இவரைப் பற்றித்தான் மிகக் குறைவாகக் கிடைக்கும். ஆஸ்திரேலியாவுக்குப் போன பழைய கப்பல்களின் பட்டியல்களில் சில நேரம் 'திரு. ஸ்மித்' என்று மட்டும் இருக்கும். முதல் பெயர்கூட இராது. அமெரிக்காவில் 1820 முதல் பட்டியல்கள் உண்டு. ஆனால் பெயர், வயது, தொழில் ஆகியவற்றோடு 'இங்கிலாந்து' என்று நாட்டுப் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எந்தக் கிராமம் என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. கனடாவின் கியூபெக் துறைமுகத்துக்கு வந்தவர்களின் பட்டியல்கள் தொடர்ச்சியாகக் கிடைப்பதே 1865 முதல்தான்.

காலனி அரசாங்கத்தின் பணத்தில் போனவர்: பார்க்ஸ் இந்த வகை. அப்போது நியூ சௌத் வேல்ஸில் ஒரு முறை இருந்தது. நல்ல உடல்நலமும் தேவையான தொழிலும் உள்ள ஒருவரை அழைத்து வந்தால், வந்திறங்கிய பிறகு அரசாங்கம் முகவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும். பணம் வாங்க வேண்டுமானால் முகவர் ஆதாரம் காட்டணும். அதனால் பயணியின் வயது, தொழில், சொந்த ஊர், பெற்றோர் பெயர், மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, நல்லவர் என்று சான்று சொன்னது யார் என்றெல்லாம் தாள்கள் சேர்ந்தன. அவை நியூ சௌத் வேல்ஸ் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயர் அட்டவணையை இணையத்திலேயே பார்க்கலாம்.

ஊர்ப் பணத்தில் போனவர்: 1834இல் வந்த ஏழையர் சட்டம், தம் பகுதியிலுள்ள ஏழைகளை வெளிநாட்டுக்கு அனுப்பப் பணம் திரட்ட ஊர்களுக்கு அனுமதி கொடுத்தது. அதற்கு மேலிடத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. அந்தக் கடிதப் போக்குவரத்து கியூவில் இருக்கிறது. யார் போகிறார்கள், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்பது சில கடிதங்களில் கிடைக்கும்.

கைவிலங்கோடு போனவர்: 1788 முதல் 1868 வரை சுமார் 160,000 கைதிகள் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் தப்பி ஓடினால் அடையாளம் காணணும் இல்லையா? அதனால் உயரம், கண் நிறம், முடி நிறம், உடம்பில் இருந்த தழும்பு, குத்தியிருந்த பச்சை வரை எழுதி வைத்தார்கள். அந்த ஆவணங்கள் 2007இல் யுனெஸ்கோவின் 'உலக நினைவு' பட்டியலிலும் இடம்பெற்றன.

விந்தையைப் பாருங்கள். சொந்தக் காசில் மரியாதையாகப் பயணம் செய்த கனவானுக்கு ஒரு வரிகூட முழுசாக இல்லை. ரொட்டி திருடி மாட்டிக்கொண்டவரின் கண் நிறம்கூட நமக்குத் தெரிகிறது. கைதியாக வந்த தாத்தாவை ஒரு காலத்தில் ஆஸ்திரேலியக் குடும்பங்கள் மறைத்தன. இப்போது அவரைக் கண்டுபிடித்தால் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். குடும்ப மரத்தில் மற்ற கிளைகளைவிட அந்தக் கிளையில்தான் விவரம் அதிகம்!

இங்கிலாந்துக்குத் திரும்பிப் போனால்...

ஊரும் பெற்றோர் பெயரும் கிடைத்துவிட்டன. இனி இங்கிலாந்துப் பதிவுகளில் தேடலாம். இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய தேதி 1837 ஜூலை 1. அன்றுதான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றுக்கான அரசாங்கப் பதிவு தொடங்கியது.

அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் பிறப்புச் சான்றிதழைத் தேடலாம். அதில் அப்பாவின் தொழிலும் அம்மாவின் முந்தைய குடும்பப் பெயரும் இருக்கும். ஆனால் ஆரம்ப காலத்தில் எல்லாரும் ஒழுங்காகப் பதியவில்லை. 1875இல் சட்டம் இறுகிய பிறகுதான் பெற்றோர் தாங்களாகவே போய்ப் பதிய வேண்டிய கட்டாயம் வந்தது.

அதற்கு முன் பிறந்தவர் என்றால் தேவாலயப் பதிவேடுதான் வழி. பார்க்ஸ் பிறந்தது 1815. அவருக்கு அரசாங்கப் பிறப்புச் சான்றிதழ் இருக்க வாய்ப்பே இல்லை. தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் பதிவுதான் கைகொடுக்கும். 1813 முதல் அதற்கு அச்சிட்ட படிவம் வந்துவிட்டது. பெற்றோர் பெயரோடு குடும்பம் வசித்த இடமும் அப்பாவின் தொழிலும் அதில் உண்டு.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஒவ்வொருவர் பெயரையும் நாடு முழுவதும் எழுதிய முதல் கணக்கெடுப்பு 1841இல் நடந்தது. பார்க்ஸ் 1839லேயே போய்விட்டார். அதனால் அவர் அதில் இல்லை. இல்லாததும் ஒரு தகவல்தான். எப்படி என்று கீழே பார்ப்போம்.

1841 கணக்கெடுப்பில் ஒரு குழி இருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை 5இன் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். "வயசு ஒத்துவரலையே" என்று அவரை ஒதுக்கிவிடாதீர்கள். 1851 கணக்கெடுப்பு இன்னும் உதவியானது. பிறந்த ஊரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் அதில் உண்டு.

ஒரே பெயரில் பத்துப் பேர். இவர்தான் அவரா?

தேடுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஜான் ஸ்மித், மேரி பிரவுன், வில்லியம் ஜோன்ஸ். ஒரே பட்டணத்தில் ஒரே வயதில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். இணையத்தில் முதலில் வருகிறவரைப் பிடித்துக் குடும்ப மரத்தில் ஒட்டிவிட்டால், அதற்கு மேல் வரும் அத்தனை பேரும் வேறு யாருடைய தாத்தா பாட்டியோ ஆகிவிடுவார்கள். இன்னொருவர் அதைப் பார்த்து நகல் எடுப்பார். பத்துப் பேர் நகல் எடுத்ததும் அது உண்மை மாதிரியே தெரியும்.

இதைத் தவிர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. நீங்கள் கண்டுபிடித்தவரை 'வெளியேற்ற' முயன்று பாருங்கள். அந்தக் குழந்தை சின்ன வயதிலேயே இறந்ததாகப் பதிவு இருக்கிறதா? அதே ஆள் 1851 கணக்கெடுப்பில் இன்னும் பர்மிங்காமிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறாரா? அப்படியென்றால் 1839இல் சிட்னியில் இறங்கியவர் அவராக இருக்க முடியாது. இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் இல்லாமல் போவதுதான் கப்பலேறியவருக்கான அடையாளம்.

பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது. தொழில், மனைவி பெயர், ஊர், வயது என்று குறைந்தது இன்னும் 2 விவரமாவது கை கோக்கணும். பார்க்ஸைப் போல 'தந்தக் கடைசல்' என்று அரிதான தொழில் இருந்தால் வேலை சுலபம். 'கூலியாள்' என்று இருந்தால் பொறுமை வேண்டும். அதோடு, உதவிப் பயணத்துக்கு வயது வரம்பும் தொழில் விதியும் இருந்ததால், சிலர் வயதைக் குறைத்தும் தொழிலை மாற்றியும் சொன்னார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பெண்களைத் தேடுவது ஏன் கடினம்?

பெண்கள் கல்யாணத்தோடு குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பல பட்டியல்களில் அவர்கள் 'மனைவி' என்ற ஒரு சொல் மட்டுமே.

இங்கே பெயர் வைக்கும் பழக்கம் உதவும். கடலில் பிறந்த அந்தக் குழந்தைக்கு பார்க்ஸ் தம்பதி வைத்த பெயர் கிளாரிண்டா சாரா. முதல் பெயர் அம்மாவுடையது. சாரா என்பது ஹென்றியின் அக்கா பெயர். பிள்ளைகளின் நடுப்பெயர், வீட்டின் பெயர், தோட்டத்தின் பெயர் என எதையும் விடாதீர்கள்.

இன்னொரு உதாரணம். சிட்னிக்கு மேற்கே நீல மலைப் பகுதியில் பார்க்ஸ் தாம் வாங்கிய இடத்துக்கு ஃபால்கன்பிரிட்ஜ் என்று பெயர் வைத்தார். இன்று அது ஓர் ஊர். அவர் அடக்கமானதும் அங்கேதான். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அவருடைய அம்மா மார்த்தாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் அது. ஆவணத்தில் ஓரமாக இருந்த ஒரு தாயின் பெயரை மகன் வரைபடத்திலேயே எழுதிவிட்டார்.

பதிவேடு சொல்லாதது

சான்றிதழ்கள் தேதியைச் சொல்லும். அன்று ஒருவர் என்ன நினைத்தார் என்று சொல்லாது. அதற்குக் கடிதங்களும் செய்தித்தாள்களும் வேண்டும்.

பார்க்ஸ் தம் அக்காவுக்கும் வீட்டாருக்கும் எழுதிய கடிதங்கள் அவர் இறந்த 1896ஆம் ஆண்டிலேயே புத்தகமாக வந்தன. சிட்னியில் வேலை கிடைக்காமல் திண்டாடியது, பென்ரித் அருகே ஒரு பண்ணையில் ஆண்டுக்கு 25 பவுண்டுக்கும் உணவுப் படிக்கும் கூலியாகப் போனது எல்லாம் அந்தக் காலத்தின் உண்மை நிலவரம். உதவிப் பயணத்தின் விளம்பரம் அதைச் சொல்லியிருக்காது.

உங்கள் நண்பரின் வீட்டில் அப்படிக் கடிதம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் பழைய செய்தித்தாள்களை இலவசமாகத் தேடலாம். கடை விளம்பரம், நீதிமன்றச் செய்தி, இரங்கல் குறிப்பு என்று எதில் வேண்டுமானாலும் ஒரு பெயர் கிடைக்கும். நொடித்துப்போனவர்களின் கோப்புகளும் உண்டு. பார்க்ஸே பலமுறை கடனில் மூழ்கியவர். கடன் கொடுத்தவர் யார், கையில் என்ன மிச்சம் என்று அங்கே வரிசையாக எழுதியிருப்பார்கள். மறுபடியும் பணம், மறுபடியும் கணக்கு.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

இதுவரை பயணத்துக்குக் காலனி அரசாங்கம் பணம் கொடுத்தது என்றோம். அரசாங்கத்துக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

1831இல் நியூ சௌத் வேல்ஸில் நிலத்தை இலவசமாகக் கொடுப்பது நின்றது. ஏக்கருக்குக் குறைந்தது 5 ஷில்லிங் என்று ஏலத்தில் விற்கத் தொடங்கினார்கள். அந்த வருமானத்திலிருந்துதான் குடியேறிகளின் பயணச் செலவைக் கொடுத்தார்கள்.

விற்கப்பட்ட நிலம் பல ஆயிரம் ஆண்டாகப் பூர்வகுடி மக்கள் வாழ்ந்த நிலம். அவர்களிடம் யாரும் விலை பேசவில்லை. ஆக, பர்மிங்காமில் தோற்றுப்போன ஓர் ஏழைத் தம்பதியின் டிக்கெட்டுக்குக் கடைசியில் விலை கொடுத்தவர்கள், அந்தப் பட்டியலில் பெயரே இல்லாத மக்கள்.

கப்பலேறியவரின் துன்பம் உண்மை. இறந்த 2 குழந்தைகள் உண்மை. இதுவும் உண்மை. மூதாதையரைத் தேடுகிறவர் இதையும் சேர்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

சுருக்கமாக: இன்றே தொடங்க 6 படிகள்

1. வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். பெயர், ஊர், பழைய படங்களின் பின்பக்க எழுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. போய் இறங்கிய நாட்டின் இறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள்.

3. வந்த ஆண்டைக் கணக்கிடுங்கள். பணம் கட்டியது யார் என்று பார்த்து, அதற்கேற்ற பட்டியலைத் திறங்கள்.

4. 1837க்கு முன் பிறந்தவரா, பின் பிறந்தவரா என்று பார்த்துவிட்டு இங்கிலாந்துப் பதிவுகளுக்குப் போங்கள். 'ஃப்ரீபிஎம்டி', 'ஃபேமிலிசர்ச்' தளங்களில் கட்டணம் இல்லை.

5. கண்டுபிடித்தவரை வெளியேற்ற முயலுங்கள். முடியவில்லை என்றால் மட்டும் மரத்தில் சேருங்கள்.

6. அட்டவணையோடு நிற்காமல் மூல ஆவணத்தின் படத்தைப் பாருங்கள். தட்டச்சு செய்தவர் தவறவிட்ட ஒரு வரி அதில் இருக்கலாம்.

அடுத்த முறை உங்கள் நண்பர் "ஏதோ கப்பல்ல வந்தாங்களாம்" என்று சொன்னால், "டிக்கெட் யார் எடுத்துக் கொடுத்தது?" என்று கேளுங்கள். தேடல் அங்கிருந்து தொடங்கட்டும்.